உள்ளே இழுத்த ஆமாம்

டாக்னி ஸ்டென்வாலின் கல்யாணத்தில் பாதிரியார் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார். ஹெல்கேயைக் கணவனாக ஏற்கிறாயா என்று முதல் முறை கேட்டபோதே டாக்னி ஏற்றுக்கொண்டாயிற்று. பாதிரியார் தெற்கிலிருந்து புதிதாக வந்தவர். அவர் காதில் விழவில்லை. இரண்டாம் முறையும் விழவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ, "அவ சொல்லிட்டா, நீதான் கேக்கல" என்று குரல் கொடுக்க, கோயில் முழுக்கச் சிரித்தது. மூன்றாம் முறை டாக்னி வாய்விட்டு "ஆமா" என்றார். முகம் சிவந்துவிட்டதாம்.

ஸ்வீடனின் வடக்கு உள்காட்டில், எங்கள் பக்கத்தில், ஆமாம் என்பது சொல் அல்ல, மூச்சு. உதட்டைக் குவித்து, சூடான காப்பியின் முதல் வாயை உறிஞ்சுகிற மாதிரி உள்ளே இழுக்கும் ஒரு சின்ன 'ஷுப்'. அதற்குமேல் எதிர்பார்க்கிறவன் வெளியூர்க்காரன்.

கிரான்ட்ரெஸ்க் என்ற சிற்றூரில் டாக்னி பிறந்தார். அப்பா மர ஆலையில் கட்டைகளைத் தரம் பிரிப்பவர். டாக்னி பதினாலு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகவைத்தார். ஆலை மூடியது. ஆட்கள் போனார்கள். பள்ளியில் பதினோரு பிள்ளைகள் மிஞ்சியபோது பள்ளியும் மூடியது. நகராட்சி அவரைக் கூப்பிட்டு, குடும்பத் துணைத் திட்டம் என்று ஒன்று வருகிறது, பயிற்சிக்குப் போகிறாயா என்று கேட்டது. சின்னப் பிள்ளை வைத்துக்கொண்டு திணறுகிற வீடுகளுக்குப் போக வேண்டும். ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு சந்திப்பு. ஒவ்வொன்றிலும் என்ன பேசுவது, எப்படி முடிப்பது என்று தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. அதன்படி நடக்க வேண்டும். டாக்னி மூச்சை இழுத்தார். அது பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய கதை.

மூடிய பள்ளியின் சமையலறையையே அவருக்கு அலுவலகமாகக் கொடுத்தார்கள். பெரிய அண்டாக்கள் இருந்த இடத்தில் அவருடைய மேசை.

என் வேலை அந்தத் திட்டத்தை அளப்பது. ஸ்டாக்ஹோமில் ஒரு சிறிய அலுவலகம், ஆறு பேர். ஒவ்வொரு ஊரும் இந்தத் திட்டத்தைப் புத்தகத்தில் உள்ளபடி நடத்துகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை நூற்றுக்கு மதிப்பெண் போடுவோம். பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா, நர்ஸும் பாலர் பள்ளியும் குடும்பங்களை அனுப்பிவைக்கிறார்களா, சந்திப்புகள் விட்டுப்போகின்றனவா என்று பாதி மதிப்பெண். பணியாளர் தேர்ந்தெடுத்து அனுப்பும் மூன்று சந்திப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டுப் போடுவது மீதிப் பாதி. இரண்டு வருடம் தொடர்ந்து அறுபதுக்குக் கீழே போனால் ஊர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். நீக்கினால் அந்த ஊரில் திட்டம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கிரான்ட்ரெஸ்கிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி லோவ்பெரி என்ற ஊரில், குளிர்காலம் முழுக்கச் சாலையில் பனி தள்ளும் எட்வினின் மகன். என் பட்டத்தை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு, வண்டிச் சாவி தொங்கும் ஆணிக்கு மேலேயே மாட்டியிருக்கிறார். சாவி எடுக்கும்போதெல்லாம் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. வேலைக்கான நேர்காணலில், "உடனே சேர முடியுமா?" என்று கேட்டார்கள். நான் ஷுப் என்றேன். கேட்ட பெண்மணி தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தி, மூச்சுத் திணறுகிறதா என்று விசாரித்தார். அதோடு விட்டேன். சத்தமாகச் சொல்லப் பழகினேன். ஒரு மாதம் பிடித்தது.

சேர்ந்தவுடன் எனக்குக் கொடுத்த முதல் வேலை ஒரு சிக்கலைக் கண்டுபிடிப்பது. ஒரே ஒலிப்பதிவை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பேரும் ஒரே மதிப்பெண் போட வேண்டும். இல்லையென்றால் அது அளவே இல்லை. வடக்கு ஊர்களின் ஒலிப்பதிவில் மட்டும் பொருந்தவில்லை. நானும் பெட்ரோனெல்லாவும் உட்கார்ந்து கேட்டோம். அவள் தெற்குக் கோடி ஸ்கோனேக்காரி. அரை மணி நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. நான் ஆமாம் கேட்கிற இடத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வழி இருந்தது. எல்லோருக்கும் அந்த மூச்சைக் கேட்கக் கற்றுக்கொடுக்கலாம், அல்லது யாருமே அதை எண்ணாமல் விடலாம். கற்றுக்கொடுக்க மூன்று மாதம் ஆகும். விதி எழுத ஒரு மதியம் போதும். எழுதினேன். 'விதி பதினாலு, உட்பிரிவு இ: மூச்சொலி, கனைப்பு, தலையசைப்பு முதலியன பதிலாகக் கொள்ளப்படமாட்டா.' மதிப்பெண்கள் அழகாகப் பொருந்த ஆரம்பித்தன. மேலாளர் ரூட்கர் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார். கேக் வெட்டினோம்.

அந்த வருடம் கிரான்ட்ரெஸ்க் எழுபத்தாறிலிருந்து ஐம்பத்துநாலுக்கு இறங்கியது. மறுவருடம் பிப்ரவரியில், இன்னொரு முறையும் அறுபதுக்குக் கீழே போனால் ஊரை நீக்க வேண்டியிருக்கும் என்பதால், நேரில் போய்ப் பார்த்துவர ஒருவரை அனுப்பினார்கள். வழி தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள்.

டாக்னி பேருந்து நிறுத்தத்துக்கே வந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், ஆண்கள் போடும் கம்பளித் தொப்பி. காரின் முன்பக்கத்தில் எஞ்சினைச் சூடாக்கும் மின்கம்பி அவிழ்க்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ எட்வின் பையன்தானே? பனி தள்ளுற எட்வின்?"

ஷுப். நான் யோசிப்பதற்குள் வந்துவிட்டது.

"நல்லவேளை. ஸ்டாக்ஹோம்லேர்ந்து ஆள் வருதுன்னதும் கால்ல மெல்லிசு ஷூ போட்டுட்டு ஒருத்தன் வந்து நிப்பான்னு நெனச்சேன்." என் காலைப் பார்த்தார். "சரி, ஷூ மட்டும் ஸ்டாக்ஹோம்."

இல்வாவின் வீட்டுக்குப் போனோம். இல்வாவுக்கு இருபத்துநாலு வயது. பெட்ரோல் பங்கில் காப்பிக் கடையில் நிற்கிறாள். கணவன் சுரங்கத்தில், இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. மகள் தூவாவுக்கு நாலு வயது. தினமும் காலையில் குளிருக்கான முழு உடுப்பை மாட்டவிட மாட்டாள், கத்துவாள். நவம்பரில் ஒருநாள் இல்வா அவளை வெறும் காலுறையோடு, சூடில்லாத வாசல் கூண்டில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாள். வெளியே மைனஸ் பத்தொன்பது டிகிரி. எவ்வளவு நேரம் என்று இல்வாவுக்குத் தெரியவில்லை. மறுநாள் அவளே போய் நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் டாக்னியை அனுப்பினார். நான் போனது ஆறாவது சந்திப்பு.

டாக்னி ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து, சர்க்கரைக் கிண்ணத்தை அதன் பக்கத்திலிருந்து நகர்த்தினார். நான் மூலையில் படிவத்தோடு உட்கார்ந்தேன்.

"ஞாயித்துக்கெழமை எப்படி?" என்றார் டாக்னி.

"பதினாறு வரைக்கும் எண்ணினேன். தரையில உக்காந்து. அப்புறம் அவளே உடுப்புக்குள்ள கால நீட்டினா."

"பதினாறா! நான் பத்துன்னுல்ல சொன்னேன்?"

"பத்துல அவ அடங்கிட்டா. எனக்குத்தான் அடங்கல."

டாக்னி சிரித்தார். இல்வாவும். தூவா மேசைக்கு அடியில் என் காலுறையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சந்திப்பும் மூன்று உடன்பாட்டோடு முடிய வேண்டும் என்பது புத்தகம். டாக்னி விரலை மடக்கினார்.

"நாளைக்கும் மொதல்ல தரையில உக்காருவே?"

ஷுப்.

"கோவம் வந்தா நீ வாசலுக்குப் போ, அவள அனுப்பாத. சரியா?"

ஷுப். இந்த முறை கொஞ்சம் நீளம்.

"முடியலன்னா எனக்கு போன் போடுவே? காலைல அஞ்சரைன்னாலும்?"

இல்வா மூச்சை இழுத்தாள். இழுத்தது அப்படியே உள்ளே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் படிவத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று போட்டேன்.

திரும்பி வந்ததும் பள்ளிச் சமையலறையில் டாக்னி காப்பி கொதிக்கவைத்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி கோப்பையில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊற்றிக் கொடுத்தார். அதை நான் சாப்பிட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. பல்லில் கிறீச்சிட்டது.

"ஒண்ணு கேக்கணும்," என்றார். "போன வருஷம் நான் என்ன தப்பு பண்ணேன்?"

நான் பாலாடைக்கட்டியை மென்றுகொண்டிருந்தேன்.

"நான் பாட்டுக்கு எப்பவும் போலத்தான் பண்ணேன். அறிக்கையை ஆறு தடவ படிச்சேன். 'பெற்றோரின் உடன்பாடு பெறப்படவில்லை.' கேக்காம நான் எதையும் பண்றதில்லையே? புத்தகத்தத் திரும்ப மொதல்லேர்ந்து படிச்சேன். கார் கண்ணாடியப் பாத்துப் பேசிப் பழகினேன். பங்க்ல நின்னு பேசிட்டிருந்தப்ப இல்வா பாத்துட்டுச் சிரிச்சா. வயசாயிடுச்சு, மழுங்கிட்டேன் போலன்னு நெனச்சேன். அப்படித்தானா? சொல்லு. கோவப்பட மாட்டேன்."

மழுங்கவில்லை என்றேன். விதியைச் சொன்னேன். மனப்பாடமாக வந்தது.

டாக்னி கோப்பையைக் கீழே வைத்தார். "தலையாட்டறது சரி. டேப்புல தெரியாது. கனைப்பும் சரி. மூச்சா?"

"மூச்சொலி."

"யாரு எழுதினது?"

"அலுவலகத்துல."

"அலுவலகத்துல யாரு?" அவர் குரல் ஏறவில்லை. அண்டா வைத்த இடத்தில் தரையில் ஒரு வட்டக் கறை இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்த மூச்சு ஒண்ணு இருக்குன்னே தெற்கத்திக்காரனுக்குத் தெரியாதேடா. கல்யாணத்துல என்னய மூணு தடவ கேட்டானே பாதிரியார். இல்லாத ஒண்ண வேண்டாம்னு எவனும் எழுத மாட்டான். நம்ம ஆள் ஒருத்தன்தான் இத எழுதியிருக்கணும்."

சுவர்க் கடிகாரம் பள்ளிக்கூடம் நடந்தபோதே பத்து நிமிடம் முந்தி ஓடுமாம். இப்போதும் அப்படித்தான் ஓடியது.

"நீதானா?"

ஷுப்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "பெரிய படிப்புதான்," என்றார். பிறகு, "இப்ப நீ இழுத்ததுக்கு எத்தன மார்க்கு?" என்றார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார். நான் குடித்தேன்.

போகும் முன் சொல்லக்கூடாததைச் சொன்னேன். அளக்கப்போகிறவன் வழி சொல்லிக்கொடுக்கக் கூடாது. "டாக்னி, வாய்விட்டுச் சொல்லச் சொல்லு. டேப் ஓடும்போது மட்டும். மூணு டேப் போதும். ஆமான்னு சத்தமா. உன் ஊரு தப்பிச்சுடும்."

"வாய்விட்டா?" அவர் தலையை ஆட்டினார். "இங்க வாய்விட்டு ஆமான்னு யாரு சொல்லுவான்? டெலிபோன் கம்பெனிக்காரன்கிட்ட சொல்லுவோம். வோட்டு கேட்டு வர்றவன்கிட்ட சொல்லுவோம். ஆள் போனாப் போதும்னு இருக்கறப்ப சொல்றது அது. பத்தொம்போது வருஷம் எனக்கு இது ஒண்ணுதான் அளவு. மூச்ச இழுத்தவங்க செய்வாங்க. சத்தமா சொன்னவங்க செய்ய மாட்டாங்க. நானே ஹெல்கேவுக்கு மூணாந்தடவ சத்தமாத்தானே சொன்னேன்? ஆறு வருஷம் தாங்கிச்சா?"

"ஊரு பட்டியல்லேர்ந்து போயிடும்."

"தெரியுது. பண்ணிப் பாக்கறேன்."

அவர் மின்கம்பியைக் காருக்குள் சுருட்டி வைப்பதைப் பேருந்திலிருந்து பார்த்துக்கொண்டே போனேன்.

மார்ச் மாதம் மூன்று ஒலிப்பதிவுகளும் வந்தன. நானும் பெட்ரோனெல்லாவும் தனித்தனி அறையில் கேட்டோம். முதலாவதில் டாக்னியின் கேள்விகள். தெளிவான, நல்ல கேள்விகள். பதிலுக்கு மூச்சு. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது இல்வாவின் வீடு, எட்டாவது சந்திப்பு. மூச்சு. மூச்சு. மூச்சு. கதவு சாத்தும் சத்தம், காருக்குள் ஏறும் சத்தம். கருவியை நிறுத்தாமல் டாக்னி பேசினார்.

"டோர்கெல், நீதான் கேப்பேன்னு நெனைக்கறேன். நீ சொன்ன மாதிரி ஒரு டேப் பண்ணோம். இல்வா ரேடியோக்காரி மாதிரி ஆமா, ஆமா, ஆமான்னா. தூவாவும் கூடச் சேந்துகிட்டா. வயிறு வலிக்கச் சிரிச்சோம். அந்த வாரம் இல்வா ஒண்ணையும் செய்யல. ரெண்டு நாள் தூவா பாலர் பள்ளிக்கே போகல. அத அனுப்பினா, அப்படி நடந்துச்சுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். அதனால அனுப்பல. நிஜமா நடந்தத அனுப்பறேன். உன் மேல கோவம் இல்ல. அப்பாவ விசாரிச்சதா சொல்லு."

பிறகு எஞ்சின் கிளம்பும் சத்தம். அதற்கு மதிப்பெண் இல்லை.

பெட்ரோனெல்லாவும் நானும் போட்ட மதிப்பெண்கள் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தின. ஐம்பத்தேழு.

ரூட்கரிடம் போனேன். மூச்சை எண்ணினால் எழுபத்தொன்பது வருகிறது, விதி தவறு, எழுதியவன் நான், திருத்துவோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் அல்ல.

"நடுவுல மாத்தினா போன வருஷத்தோட ஒப்பிட முடியாதேப்பா. மத்த ஊர்க்காரங்க கேப்பாங்க. அடுத்த பதிப்புல சேத்துடலாம். நீயே எழுதிக் குடு, நீதான் நல்லா எழுதுவியே."

"அதுக்குள்ள கிரான்ட்ரெஸ்க் போயிடும்."

"ம்," என்றார். "அது வருத்தம்தான்."

எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஜனவரியில் நான்காம் பதிப்பில் அடிக்குறிப்பாக வந்தது. வடக்கு ஊர்களில் உள்ளிழுக்கும் மூச்சு ஆமாம் எனக் கொள்ளப்படும். கேட்டுப் பழக ஒரு ஒலிப்பதிவும் இணைத்தோம். அதில் இழுப்பது நான்தான். பட்டியலில் அப்போது கிரான்ட்ரெஸ்க் இல்லை. இல்வாவின் சந்திப்புக் குறிப்பேட்டில் பதினொன்றும் பன்னிரண்டும் வெறும் தாள். டாக்னி முதியோர் இல்லத்தின் சமையலறையில் கஞ்சி கிளறுகிறார் என்று அப்பா சொன்னார். நன்றாக இருக்கிறாரா என்று கேட்டேன். அப்பாவுக்குத் தெரியவில்லை.

ஆனால் முடிவை ஊருக்குத் தெரிவித்தது அதற்கு முந்தைய ஏப்ரலில். அது என் முறை. அலுவலகத்தில் அதற்கும் ஒரு படிவம் உண்டு. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, பக்கத்தில் ஒருவர் சாட்சியாக உட்கார வேண்டும். பெட்ரோனெல்லா உட்கார்ந்தாள். எழுதி வைத்ததை நான் வாசித்தேன். இரண்டாம் ஆண்டு, ஐம்பத்தேழு, மே இறுதியோடு திட்டம் நிறுத்தப்படும். மறுமுனையில் பாத்திரம் ஏதோ நகர்ந்தது.

"டாக்னி, முடிவைக் கேட்டுக்கிட்டியா? புரிஞ்சுதா?"

ஷுப்.

பெட்ரோனெல்லா முன்னால் குனிந்தாள். "லைன் போயிடுச்சா?"

"இல்ல. ஆமான்னுட்டா."

"எப்ப?"

படிவத்தின் கடைசி வரியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'தகவல் பெற்றவர் வாய்மொழியாக உறுதி செய்தார்' என்று ஒன்று, 'பதில் இல்லை' என்று ஒன்று. பதில் இல்லை என்று போட்டால் திரும்பவும் அழைத்துத் திரும்பவும் வாசிக்க வேண்டும். மூன்று முறை வரை.

முதல் கட்டத்தில் குறி போட்டேன். என் விதி இருந்தவரை, அந்த மூச்சை நான் ஆமாம் என்று எண்ணிய படிவம் அது ஒன்றுதான்.